ஒன்பதரை

கடலுக்கடியில் பசை தேவையில்லை.
தரையில் என்றால் குழாய்க்குக் குழாய்
களிம்பு தடவித்தான் கருவியை வைக்கவேண்டும்;
நடுவே மயிரிழை காற்று புகுந்தாலும்
ஒலி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடும்.
இங்கே தண்ணீரே தரகு.

இசிப்பிங்கோ கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.
ஜூன் குளிர். படகு ஒரு பக்கமாகவே ஆடுகிறது.
இருபத்திரண்டு மீட்டர் கீழே ம்துன்சி,
டர்பன் குளித்த நீரும் கழித்த நீரும் ஓடும் குழாயின்மேல்
குதிரையில்போல் கால் போட்டு உட்கார்ந்து
பாசி சுரண்டுகிறான், சிப்பி பெயர்க்கிறான்,
உள்ளங்கை அகலம் இரும்பு தெரிந்ததும்
கருவியை வைத்து அழுத்துகிறான்.

மேலே, திரைக்கு முன்னால், நான்.

ஐந்து மெகாஹெர்ட்ஸ்.
நாய்க்குக் கேட்காது. ஓங்கிலுக்கும் கேட்காது.
என் வலது காது பன்னிரண்டு வயதில் போனது,
இடது காதில் பழுப்புப் பொத்தான் ஒன்று.
நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்:
"ஒலி வேலைக்குக் காது கேட்காத பெண்ணா?"
"இந்த ஒலி உங்களுக்குக் கேட்குமா?" என்றேன்.
சிரித்தார்கள்.
வேலை கிடைத்தது நான்கு வருடம் கழித்து,
வேறு கம்பெனியில்.

வார்த்தபோது சுவர் பத்தொன்பது மில்லிமீட்டர்.
18.7.
18.8.
ஒரு சாண் நகர்கிறான்.
18.7.
ஒரு சாண்.
9.5.

"பாதியைக் கடல் தின்றுவிட்டது,"
வான் ஸீல் தொலைபேசியை எடுத்துவிட்டார்.
"கொஞ்சம் பொறுங்கள்."
பொறுக்கிற ஆள் இல்லை அவர். ஆனாலும் விரல் நின்றது.

அரிப்பு இப்படி வராது.
பதினெட்டு, பதினேழு, பதினைந்தரை என்று
குழைந்து சரியும், எதிரொலி கலங்கி வரும்.
இது படி இறங்கினாற்போல் இருக்கிறது.
மறுபடி வைக்கச் சொன்னேன்: 9.5.
இன்னொரு முறை: 9.5.
இவ்வளவு ஒழுங்காகத் தின்னுமா துரு?

ம்துன்சியின் குரல் ஒலிபெருக்கியில்
குமிழிகளாய் உடைகிறது. எனக்குப் புரியாது.
சோலமுத்து கேட்டு, சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.
இப்போது எழுதவில்லை,
ஒரு மீன் வரைந்து நீட்டுகிறார்.
பிறகு சிலேட்டு முழுக்கச் சுண்ணக்கட்டியால் தேய்க்கிறார்.
மத்தி வந்துவிட்டது. கீழே ஒரே இருட்டு.
அவன் அங்கே இருக்கலாம் இன்னும் பதினொரு நிமிடம்.

காத்திருந்தோம்.
படகைச் சுற்றிப் பறவைகள்
கல் விழுவதுபோல் விழுந்துகொண்டிருந்தன.

ஆறு நிமிடம் மிச்சம் இருக்கையில் கூட்டம் விலகியது.
"விளிம்புக்குப் போகச் சொல்லுங்கள்.
9.5 முடிகிற இடம். பாதிக் கருவி இங்கே, பாதி அங்கே."

திரையில் இரண்டு முள் எழும்பின.
முன்னால் ஒன்று, 9.5.
அதன் பின்னால், அடங்கி, இன்னொன்று:
18.7.

சுவர் அங்கேயேதான் இருக்கிறது.
உலையில் எஃகு கொதித்த நாளில்
உள்ளே சிக்கிய ஒரு வாயுக் குமிழி;
உருளைகள் அதை நசுக்கித் தகடாக்கி
நடுவில் மடித்து வைத்து அனுப்பியிருக்கின்றன.
அன்றிலிருந்து ஒன்றாய்த் தெரிகிற இரண்டு சுவர்
நகரத்தின் அழுக்கைத் தாங்கி நிற்கிறது,
எங்கள் மேர்பேங்க் வீட்டுச் சாக்கடையையும் சேர்த்து.

"அப்போ நல்லது என்று போடவா?"
"போடாதீர்கள்."
"கெட்டது?"
"அதையும் போடாதீர்கள்."
படிவத்தில் இரண்டே கட்டம்.
ஓரத்து வெள்ளையில் நான் எழுதினேன்:
ஏடு பிரிந்திருக்கிறது. பிறவியிலேயே.
அடுத்த வருடம் இதே இடத்தில்
திரும்பவும் கேட்கவும்.
வான் ஸீல் அதைப் படித்துவிட்டு
கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

ம்துன்சி ஏறி வந்து, முகமூடி கழற்றி,
தேநீர் கேட்டான். கையுறைக்குள்
ஒரு மத்தி துள்ளிக்கொண்டிருந்தது, அவனுக்கே தெரியாமல்.

இயந்திரம் உறுமத் தொடங்கியதும்
பொத்தானைக் கழற்றிப் பையில் போட்டேன்.
கரையில் வாளியும் பாவாடையுமாய் ஜனம்
அலைக்குள் ஓடுவது தெரிகிறது.
வாய்கள் திறந்து திறந்து மூடுகின்றன.
கூடை என்ன விலை என்று
கத்துகிறார்களாயிருக்கும்.